கொம்புக்காய் பவுனம்மா

பவுனம்மா வீட்டுத் தயிருக்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும். அவள் அம்மா கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்தபோது பித்தளைத் தூக்கில் கொண்டுவந்த உறை அது. அன்றிலிருந்து ஒரு நாளும் சட்டியைச் சுத்தமாக வழித்ததில்லை. ஒரு கரண்டியை எடுத்து ஒதுக்கிவைத்த பிறகுதான் மிச்சம் சோற்றுக்கு வரும். தோட்டத்தில் மாடுகள் போய் டின் பால் வந்தது, விறகடுப்பு போய் கேஸ் வந்தது, வரிசை வீடான லயம் போய் புதுக் குடியிருப்பான தாமானில் வீடு வந்தது. உறை மட்டும் மாறவில்லை. தயிர் கேட்டு வருகிறவர்களுக்குக் கிண்ணம் நிறையக் கொடுப்பாள். அந்தக் கடைசிக் கரண்டியைக் கேட்டால் மட்டும் பெற்ற பிள்ளையைக் கேட்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

நல்ல பழக்கம்தான். அதை அடுப்படியோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

இருபது வயதில் அவளுக்கு லேப்பில் வேலை கிடைத்தது. அதுவரை நாற்றங்காலில் பைக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். மலேசியாவின் தெலுக் இந்தானிலிருந்து பதினைந்து மைலில், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே, கம்பெனி புதிதாக ஒரு கட்டடம் கட்டிக் குளிர்சாதனமெல்லாம் வைத்து, தோட்டத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரைப் பொறுக்கி எடுத்தது. வெள்ளைக் கோட்டு போட வேண்டும். பொட்டு வைக்கலாம், பூ வைக்கக் கூடாது, பவுடர் பக்கமே போகக் கூடாது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அந்தக் கழுவல் வீட்டுக்கும் தொற்றிக்கொண்டது. அவள் புருஷன் தண்ணிமலை, குலை வெட்டுகிறவன், வாய் சும்மா இருக்காது. "என் பொண்டாட்டி டாக்டர் மாதிரி கை கழுவுறா, கம்பவுண்டர் மாதிரி சோறு அளக்குறா" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

லேப்பில் நடந்தது இதுதான். தோட்டத்திலேயே நன்றாகக் காய்க்கிற ஒரு மரத்தின் இளங்குருத்தை வெட்டி எடுத்து வந்து, துண்டு துண்டாக நறுக்கி, பாட்டிலுக்குள் வழுவழுப்பான உணவின்மேல் வைப்பார்கள். மாதக்கணக்கில் காத்திருந்தால் வெள்ளையாக ஒரு கட்டி முளைக்கும். அந்தக் கட்டியைப் பிய்த்துப் புதுப் பாட்டில்களில் வைத்தால் அதுவும் பெருகும். மறுபடி பிய்க்கலாம், மறுபடி மாற்றலாம். கடைசியில் அதிலிருந்து தளிர், வேர், கன்று. விதை போட்டு வளர்க்கும் கன்று எந்தப் பக்கத்துச் சாயலில் வருமோ தெரியாது. பாட்டில் கன்று அப்படியல்ல, அச்சு அசல் அதே மரம். ஒரு மரத்தை ஆயிரம் மரமாக்கும் வித்தை என்று மானேஜர் கூட்டத்தில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

பவுனம்மாவின் கை அதற்கென்றே செய்த கை. மற்றவர்கள் பாட்டிலில் பத்துக்கு மூன்று பூசணம் பிடிக்கும். அவள் பாட்டிலில் நூற்றுக்கு ஒன்று பிடித்தால் அன்றைக்கு மழை வரும் என்பார்கள். அந்த வருடத்துச் சிறந்த தொழிலாளி என்று அவளுக்கு ஒரு ரைஸ் குக்கர் கொடுத்து, போட்டோ எடுத்து, நடைவழியில் மாட்டினார்கள்.

அந்த போட்டோவில் பாதி இடம் ரொக்கியாவுக்கு உரியது. பவுனம்மா மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கட்டியைப் பிய்ப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து பாட்டிலை மூடி, மாஸ்கிங் டேப் கிழித்து, அதில் மரத்தின் எண்ணும் தேதியும் எழுதி ஒட்டுகிறவள் ரொக்கியா. ஐந்து வயது மூத்தவள். மலாய்க்காரி; தோட்டத்து லோரி டிரைவரின் மகள் என்பதால் லயத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு மண்ணில் புரண்டு வளர்ந்தவள். அவள் தமிழில் திட்ட ஆரம்பித்தால் தமிழச்சிகளே காதைப் பொத்திக்கொள்வார்கள். காலையில் பவுனம்மா உள்ளே வந்ததும், "கை காட்டு. நகத்துல என்னா அது? போ, மறுபடி கழுவிட்டு வா" என்பாள். பவுனம்மாவுக்கு அவள் 'காக்', மலாயில் அக்கா. ரொக்கியாவுக்கு இவள் வெறும் 'பவுன்'. எட்டு வருடம் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள்.

அங்கே நாற்பத்தேழாம் எண் மரம் ஒன்று இருந்தது. மெல்லிய ஓடு, தடித்த சதை, குலைக்கு ஆயிரம் காய். அதன் குருத்திலிருந்து வந்த கட்டி மற்ற எல்லாக் கட்டிகளையும்விட வேகமாகப் பெருகியது. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கார்டு உண்டு. கார்டில் பத்துக் கட்டம். ஒரு தடவை மாற்றினால் ஒரு கட்டத்தில் தேதி போட வேண்டும். பத்தும் நிறைந்தால் அந்த வரிசையில் மிச்சமிருக்கும் பாட்டில்களை எல்லாம் பெரிய குக்கரில் போட்டு அவித்துக் கொட்டிவிட வேண்டும். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. வெளிநாட்டுக்காரர் எழுதிக் கொடுத்த புத்தகத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

நாற்பத்தேழின் கார்டு நிறைவதற்கு முன்னால், அந்த மரத்தின்மேல் இடி விழுந்து கருகிப் போனது. இனிக் குருத்து எடுக்க வழியில்லை. பாட்டிலில் இருப்பதுதான் நாற்பத்தேழு. கார்டு நிறைந்த அன்று லேப்பில் கணக்கெழுதும் கிராணி, "ஆ, குக்கர்ல போடு" என்று சொல்லிவிட்டு தேத்தண்ணி குடிக்கப் போனார்.

சட்டியை வழித்துப் பழக்கமில்லாத வீட்டுப் பெண்ணிடம் இதைச் சொல்லலாமா? பவுனம்மா மூன்று பாட்டிலை மட்டும் ஒதுக்கி அலமாரியின் பின்வரிசையில் வைத்தாள். மறுநாள் புதுக் கார்டு ஒன்று எடுத்து, முதல் கட்டத்திலிருந்து தேதி போட ஆரம்பித்தாள். அந்தக் கார்டும் நிறைந்தது. அப்போதும் மூன்று பாட்டில். அவள் பொய் எழுதுகிறோம் என்றே நினைக்கவில்லை. உறைக்கு யாராவது கணக்கு வைப்பார்களா? தயிர் புளிக்காமல் இருக்கிறதா என்று மட்டும்தானே பார்ப்போம். நாற்பத்தேழு புளிக்கவில்லை. வெள்ளை வெளேரென்று, முன்னைவிட மளமளவென்று பெருகியது.

அந்தக் கட்டிகளிலிருந்து வந்த கன்றுகளை ஒன்பதாம் பிளாக்கில் நட்டார்கள். பாட்டிலில் இருந்த ஆரம்ப காலத்தில் எடுத்த கன்றுகள் ஏற்கனவே நாலாம் பிளாக்கில் நின்று, தாய் மரத்தை அப்படியே உரித்து வைத்ததுபோல் காய்த்துக்கொண்டிருந்தன. ஒன்பதாம் பிளாக்கிலும் அப்படித்தான் வரும் என்று மானேஜர் கோலாலம்பூருக்குக் கடிதமே எழுதிவிட்டார்.

மூன்றாம் வருடம் காய்த்தது. தண்ணிமலைதான் முதல் குலையை வெட்டிக் கீழே போட்டு, புரட்டிப் பார்த்து, "என்னாது இது, காய்க்குக் கொம்பு மொளச்சிருக்கு?" என்றான். ஒவ்வொரு காயையும் சுற்றி ஐந்தாறு சதைப் பிதுக்கம், விரல்களைக் குவித்துப் பிடித்ததுபோல். உள்ளே பருப்பு இல்லை. எண்ணெய் இல்லை. பாதிக் குலைகள் பழுக்காமலே அழுகி விழுந்தன. தோட்டம் முழுக்க அதற்குக் கொம்புக்காய் என்றே பெயர் விழுந்தது.

விசாரிக்க மூன்று பேர் வந்தார்கள். நல்ல சட்டை, நல்ல பேனா. ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள்: இது நாற்பத்தேழே இல்லை, வேறு ஏதோ கழிசடை மரம்; லேபிள் மாறிப்போய்விட்டது. லேபிள் எழுதியது யார்? ரொக்கியா.

பவுனம்மாவையும் கூப்பிட்டார்கள். அப்போது அவளுக்கு வயிற்றில் ஏழு மாதம். தண்ணிமலை மரத்தடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வீட்டில் படுத்திருந்தான். "பாட்டில் மாறியிருக்க வழியுண்டா?" என்று கேட்டார்கள். வழியே இல்லை என்று அவளுக்குத் தெரியும். நாற்பத்தேழு அவள் கையை விட்டு எங்கும் போனதில்லை. ஆனால் அதைச் சொன்னால் கார்டைக் கேட்பார்கள். கார்டைக் காட்டினால், அவித்துக் கொட்டச் சொன்னதை ஏன் வைத்திருந்தாய் என்று கேட்பார்கள்.

"தெரியல சார்" என்றாள்.

இரண்டே சொல். ரொக்கியா எதிரே நின்று அவளைப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. அந்த வாரமே ரொக்கியாவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஆறு மைலுக்கு அப்பால் ஆற்றங்கரைக் கம்பத்தில், அந்த மலாய்க் கிராமத்தில் இருந்த மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். லேபிளை மாற்றியவள் என்கிற பெயர் சைக்கிளின் பின்சீட்டில் ஏறி அவளோடு போனது.

பவுனம்மாவை மோசமானவள் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. அதற்காக அவள் செய்தது சரி என்றும் சொல்ல மாட்டேன். பிள்ளை பிறந்ததும் தானாகவே போய் மானேஜரிடம் லேப் வேலை வேண்டாம், வெளிவேலை கொடுங்கள் என்று கேட்டாள். ஒன்பதாம் பிளாக்கில் முப்பத்தெட்டு மரத்தை மட்டும் வெட்டாமல் பார்வைக்கு விட்டிருந்தார்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு மரத்திலும் எத்தனை குலை, எத்தனை கொம்பு என்று எண்ணி எழுதும் வேலை அவளுடையது. இருபத்திரண்டு வருடம் எண்ணினாள். மரங்கள் வளர வளர அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலி வந்தது. பிள்ளைகள் அவளைக் கொம்புக்காய் பவுனம்மா என்றே கூப்பிட்டார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சில சமயம் தூரத்தில் ரொக்கியாவின் முக்காடு தெரியும். பவுனம்மா உடனே மீன் கடைப் பக்கம் திரும்பிவிடுவாள். தண்ணிமலைக்கு மீன் தின்று தின்று சலித்துப் போனது. "உனக்கும் மீன்காரனுக்கும் என்னா சமாச்சாரம்?" என்று கேட்பான். 

அப்படி இருக்கும்போதுதான் டாக்டர் சியா வந்தாள். முப்பது வயதுச் சீனப் பெண். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கையில் காகிதம் துளைக்கும் கருவிபோல் ஒன்றை வைத்துக்கொண்டு வந்தாள். முப்பத்தெட்டு மரத்திலும் நாலாம் பிளாக் மரங்களிலும் இலையில் சின்ன வட்டம் வட்டமாகத் துளைத்து எடுத்துப் போனாள். பவுனம்மாவின் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்து, "அக்கா, இது புதையல்" என்றாள். இருவரும் பேசியது மலாயில். பவுனம்மாவை இத்தனை வருடத்தில் யாரும் அந்த நோட்டுக்காகப் பாராட்டியதில்லை. மறுநாள் அவளுக்குத் தயிர்ச்சாதம் கட்டிக் கொண்டுபோனாள்.

ஆறு மாதம் கழித்து டாக்டர் சியா திரும்பி வந்து, ஒன்பதாம் பிளாக் வரப்பில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. நாலாம் பிளாக்கும் ஒன்பதாம் பிளாக்கும் ஒரே மரம். மரபணுவுல ஒரு எழுத்துகூட வித்தியாசம் இல்ல. லேபிள் மாறவே இல்ல."

பவுனம்மா பிடித்திருந்த பென்சில் கீழே விழுந்தது. அவள் எடுக்கவில்லை. "அப்ப இது ஏன் இப்படிக் காய்க்குது?" என்று கேட்டாள்.

"லேப்புல பாட்டிலுக்கு உணவு காய்ச்சறதுக்குச் சுவத்துல ஒரு பட்டியல் ஒட்டியிருப்பீங்களே?"

"ஆமா. சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவுன்னு."

"அந்தப் பட்டியலுக்கு நடுவுல யாரோ வேண்டாத வரி ஒண்ணு எழுதி வெச்சிட்டாங்க. 'இத்தோட முடிஞ்சுது, அடுப்ப அணை'ன்னு. என்ன பண்ணுவீங்க?"

"மேல டேப்பு ஒட்டிருவோம்."

"மரமும் அதத்தான் பண்ணுது. அந்த வேண்டாத வரி ஒரு எடத்துல மட்டும் இல்லக்கா. எந்தக் காலத்துலயோ உள்ள நுழைஞ்சு, தன்னைத்தானே பிரதி எடுத்து எடுத்து, மரத்தோட புத்தகம் முழுக்க திரும்பத் திரும்ப எழுதி வெச்சிருக்கு. மரம் அத்தனைக்கும் டேப்பு ஒட்டி வாயடைச்சு வெச்சிருக்கு. அதுல ஒண்ணு, பூ எப்படி வரணும்னு சொல்ற பட்டியலுக்கு நடுவுல வந்து உக்காந்திருக்கு. டேப்பு இருக்கற வரைக்கும் படிக்கிறவன் அதத் தாண்டிப் போயிருவான். டேப்பு உரிஞ்சு போச்சுன்னா?"

"பாதியிலயே அடுப்ப அணைச்சுருவான்" என்றாள் பவுனம்மா மெதுவாக.

"அவ்வளவுதான். பாதிப் பட்டியல்ல செஞ்ச பூ. கொம்புக்காய். நீங்க நோட்டுல எழுதியிருக்கீங்களே, இருபத்தோராம் நம்பர் மரத்துல எப்பவாச்சும் நல்ல குலை வருதுன்னு? அந்தக் குலை வர்ற பக்கத்துல மட்டும் டேப்பு திரும்ப ஒட்டிக்கிட்டிருக்கு."

பவுனம்மா அந்த மரத்தை அண்ணாந்து பார்த்தாள். எத்தனையோ தடவை அதை மட்டும் தட்டிக் கொடுத்திருக்கிறாள், ஏனென்று தெரியாமலே.

"டேப்பு எதுக்கு உரியுது?"

"பாட்டிலுங்கறது மரத்துக்கு வீடு இல்லையே. கட்டி பெருகும்போதெல்லாம் புத்தகத்தப் புதுசாப் பிரதி எடுக்கணும், டேப்பையும் புதுசா ஒட்டணும். மாத்திக்கிட்டே, பெருகிக்கிட்டே இருந்தா எங்கயாவது ஒண்ணு விட்டுப் போகும். அதனாலதான் எத்தனை தடவை மாத்துனாங்கங்கறது எனக்கு முக்கியம்." டாக்டர் சியா பையிலிருந்து பழுப்பேறிய கார்டு ஒன்றை எடுத்தாள். பவுனம்மாவுக்குத் தன் கையெழுத்து தெரிந்தது. "இதுல ஒன்பதுன்னு இருக்கு. நாலாம் பிளாக் எட்டு. எட்டுல ஒண்ணுமே உரியல, ஒன்பதுல மொத்தமா உரிஞ்சிருக்கு. இது உண்மைன்னா நான் கண்டுபிடிச்சதே தப்பு. ஒன்பது தடவை மாத்துனாலே ஆபத்துன்னு எழுதினா எல்லா லேப்பும் நல்ல கட்டியக் கொட்டிருவாங்க. கார்டு சரிதானே அக்கா?"

"சரியாத்தான் இருக்கும்" என்றாள் பவுனம்மா.

வீட்டுக்கு வந்து பால் காய்ச்சினாள். ஆற வைத்தாள். ஒதுக்கி வைத்த கரண்டித் தயிரைக் கையில் எடுத்து, ஊற்றாமல் அப்படியே நின்றாள். தண்ணிமலை தேத்தண்ணிக்கு வந்து எட்டிப் பார்த்தான்.

"என்னா புள்ள, தயிருக்கு பாட்டு எதும் பாடணுமா?"

"நாந்தான் கெடுத்தேன்" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. அவள் கரண்டியோடு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. லேபிள் சரி என்று தெரிந்தே வாயை மூடியதைச் சொன்னாள். பிரியமாகக் காப்பாற்றி வைத்த கட்டியைத் தானே மாற்றி மாற்றிக் கெடுத்ததையும் சொன்னாள். மரம் வாயடைத்து வைத்திருந்ததைத் தான் திறந்துவிட்டதாகவும், தான் திறக்க வேண்டிய வாயை அடைத்துக்கொண்டதாகவும் சொல்லி அழுதாள்.  தண்ணிமலை கரண்டியை வாங்கிப் பாலில் அவனே ஊற்றிக் கலக்கினான்.

"காலையில அந்த டாக்டரம்மாகிட்ட சொல்லிரு" என்றான்.

சொன்னாள். காலையில் பிளாக் வாசலில் நின்று, கார்டு பொய், அது மூன்றாவது கார்டு என்று சொன்னாள். டாக்டர் சியா கோபப்படவில்லை. கண்கள் பெரிதாகின. "அப்ப மொத்தம் எத்தனை தடவை?"

"முதல் ரெண்டு கார்டும் போயிருச்சு. முப்பதுக்கு மேல இருக்கும், நடுவுல தேதி போடாமலும் மாத்தியிருக்கேன். கரெக்டா நெனவில்ல."

"கரெக்டா வேணும்கா. குத்துமதிப்பா எழுத முடியாது. வேற யாருக்காச்சும் தெரியுமா?"

தெரிந்திருக்கக்கூடியவள் ஒருத்திதான். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் உட்கார்ந்து டேப் கிழித்தவள்.

தண்ணிமலையின் பழைய ஹோண்டாவில் ஆறு மைல் போக இருபது நிமிடம் ஆனது. பவுனம்மா மடியில் தயிர்த் தூக்கு. வழியில் இரண்டு தடவை, "திருப்பிருங்க" என்றாள். அவன் காது கேட்காதவன்போல் ஓட்டினான்.

ரொக்கியா வீட்டு வாசலில் பாய் விரித்து உட்கார்ந்து, புளிக்க வைத்த சோற்றை ரப்பர் இலையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். தாப்பாய் என்று பெயர், அதை விற்றுத்தான் பிழைப்பு. உடம்பு பெருத்துக் கண்ணாடி போட்டிருந்தாள். ஹோண்டா நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. தண்ணிமலை, "ஆத்தைப் பாத்துட்டு வரேன்" என்று நழுவினான்.

"காக்" என்றாள் பவுனம்மா. 

"கெழவியாயிட்ட பவுன்" என்றாள் ரொக்கியா. "என்னா, மீன் கடை இன்னிக்கு லீவா?"

பார்த்திருக்கிறாள். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் பார்த்திருக்கிறாள். பவுனம்மாவுக்குக் காது சுட்டது. நின்றபடியே, மனப்பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோல் கொட்டினாள்: லேபிள் மாறவில்லை என்று நிரூபணமாகிவிட்டது, கெடுத்தது தன் கை, ஒதுக்கி வைத்த பாட்டில், பொய்க் கார்டு, எத்தனை தடவை என்பது டாக்டருக்கு வேண்டும்.

"முப்பத்து மூணு" என்றாள் ரொக்கியா, இலையை மடித்துக்கொண்டே.

"எப்படி காக் இவ்வளவு நிச்சயமா சொல்ற?"

"கார்டு பத்துல நிக்கும். நீ புதுக் கார்டு எடுத்தது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? நான் டேப்பு ஓரத்துல புள்ளி வெப்பேன். ஒரு தடவை மாத்துனா ஒரு புள்ளி. கார்டுல நீ என்னா வேணா எழுது, என் டேப்புல பொய் இருக்கக் கூடாது. கடைசியா முப்பத்து மூணு புள்ளி வெச்சேன். எடமே பத்தல, ரெண்டு வரிசையா வெச்சேன்."

பவுனம்மா பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "விசாரணை அன்னிக்கு அது தெரியுமா உனக்கு?"

"கோட்டுப் பையில இருந்துச்சு அந்த டேப்பு. எடுத்து மேசை மேல வெச்சிருந்தா அன்னிக்கே நீ போயிருப்ப. வயித்துல ஏழு மாசம். புருஷன் இடுப்பு ஒடைஞ்சு கெடக்கான். எனக்கு இந்த வீடு இருந்துச்சு, உனக்கு லயத்த விட்டா எங்க போவ?" ரொக்கியா பொட்டலத்தைத் தட்டில் வைத்தாள். "அதனால வாய மூடிக்கிட்டேன். நானா மூடுனது. அதுக்கு உன்மேல கோவம் இல்ல."

"காக்…"

"இரு, நான் முடிக்கல. ஊருல எவனாச்சும் லேபிள மாத்துனவளுன்னு சொன்னா சிரிச்சுக்குவேன். பவுன் வருவா, வந்து ஒரு வார்த்த சொல்லுவா, போதும்னு இருந்தேன். புள்ளை பொறந்ததும் நீ வருவன்னு பாத்தேன். ராயாப் பெருநாளுக்கு வருவன்னு பாத்தேன். என் புருஷன் மௌத்தாகி அடக்கம் பண்ணுனப்ப வருவன்னு பாத்தேன். ஆறு மைலு பவுன். பஸ்ஸு கூட இருக்கு."

அவள் குரல் அப்போதுதான் உடைந்தது.  அந்த விசாரணையைவிட இது பெரிய குற்றம் என்று பவுனம்மாவுக்கு இப்போதுதான் தெரிந்தது.

பவுனம்மா ஃபோனை எடுத்து டாக்டர் சியாவைக் கூப்பிட்டாள். "முப்பத்து மூணு" என்றாள். மறுமுனையில் ஏதோ கேட்பது ரொக்கியாவுக்கும் கேட்டது. யார் சொன்ன கணக்கு என்று எழுதட்டும்?

"எழுதிக்குங்க. முழுப் பேரு ரொக்கியா பிந்தி மாட் சாலே. லேபிள் எழுதுனவங்க. அவங்க லேபிள்ல ஒருநாளும் தப்பு வந்ததில்லன்னும் எழுதுங்க. கார்டு எழுதுனது நான், பவுனம்மா. பொய் எழுதுனேன்னும் எழுதுங்க."

ஃபோனை வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ரொக்கியா தயிர்த் தூக்கைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடினாள்.

"அந்த ரைஸ் குக்கர் இன்னும் வேலை செய்யுதா?"

"செய்யுது."

"அதுல பாதி என்னுது" என்றாள் ரொக்கியா. பிறகு தாப்பாய்ச் சட்டியைப் பவுனம்மா பக்கம் நகர்த்தினாள். "நாளைக்குச் சந்தைக்கு நாப்பது பொட்டலம் போகணும். அழுதுக்கிட்டே உக்காந்திருக்காத. கை காட்டு."

பவுனம்மா இரண்டு கையையும் நீட்டினாள். ரொக்கியா கண்ணாடியை ஏற்றிவிட்டு நகங்களைப் பார்த்தாள்.

"போ, கழுவிட்டு வா."

பவுனம்மா கிணற்றடிக்குப் போய், முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள்.